உறையிலேயே எழுதியிருக்கிறது!

கனடாவிலிருந்து நண்பர் ஒருவர் போன வருஷம் ஆடி மாதம் மதுரைக்கு வந்து, இரண்டு நாள் தங்கி, என்னைப் பார்க்காமலே திரும்பிப் போனார். இருபது வருஷம் தாண்டிய பழக்கம். வாட்ஸ்அப் பக்கமே வராத ஆள், எதுவானாலும் மெயில்தான். இந்த முறையும் பத்து நாள் முன்பே எழுதியிருக்கிறார்: "வெள்ளி, சனி ரெண்டு நாளும் தல்லாகுளத்துலதான் இருப்பேன். நீங்க சொல்ற நேரத்துக்கு நான் வர்றேன்." அதை நான் படித்தது, அவர் டொரன்டோ போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழித்து.

மெயில் தொலைந்துபோகவில்லை. ஸ்பேமுக்கும் போகவில்லை. நானே கட்டிவைத்த ஒரு ஃபில்டர் அதை அலுங்காமல் தூக்கிக்கொண்டுபோய், நான் எட்டிப் பார்க்காத ஒரு லேபிளுக்குள் போட்டிருந்தது. நண்பர் தன் நாலு வரிக்குக் கீழே, 'இதையும் படியுங்க' என்று ஒரு நியூஸ்லெட்டரை ஃபார்வேர்டு செய்திருந்தார். அதன் அடியில் சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில், 'அன்சப்ஸ்க்ரைப்' என்றொரு சொல். என் ஃபில்டருக்கு அது போதும்.

யூடியூபில் பார்த்துக் கற்ற வித்தை அது. ஜிமெயிலின் தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைப் போட்டால் துணிக்கடை, வங்கி, வேலைவாய்ப்புத் தளம், எப்போதோ ஒரு சட்டை வாங்கிய கம்பெனி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து, இனி இந்தச் சொல்லோடு வருவதெல்லாம் இன்பாக்ஸைத் தொடாமல் போகட்டும் என்று ஒரு ஃபில்டர். ஐந்தே நிமிஷம். படிக்காமல் கிடந்த பதினோராயிரம் மெயில் தொள்ளாயிரமாகக் குறைந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் தெருவுக்கு வந்த தபால்காரர் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். அப்பாவுக்குச் சிற்றிதழ்கள் வரும். கல்யாண சீசனில் மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகைகள் வரும். இரண்டுமே புக் போஸ்ட். உறையை ஒட்டியிருக்க மாட்டார்கள். மடிப்பு உள்ளே செருகியிருக்கும். மேலே 'புக் போஸ்ட்' என்று அச்சடித்தோ கையால் எழுதியோ இருக்கும். ஒட்டிய கவர், இன்லேண்டு, கார்டு எல்லாம் அவர் கையில் ஒரு கட்டு. புக் போஸ்ட் இன்னொரு கட்டு. உறை திறந்தே கிடந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. அச்சடித்த விஷயம், பல பேருக்குப் போவது, அவசரமில்லாதது என்பதெல்லாம் உறையிலேயே இருந்தது. நான் கட்டிய ஃபில்டரோ கடிதத்தைப் பிரித்து முழுக்கப் படித்துவிட்டு, அதில் தட்டுப்பட்ட ஒரு சொல்லுக்காகக் கடிதத்தையே புக் போஸ்ட் கட்டில் செருகிவிட்டது.

வில்லங்கச் சான்றிதழ்

மெயிலுக்கும் உறை உண்டு. நாம் பார்ப்பது அனுப்புநர், தலைப்பு, தேதி மட்டும். அதற்குப் பின்னால் வரிவரியாக ஹெடர் இருக்கிறது. ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, மடலின் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, மூல வடிவத்தைக் காட்டச் சொன்னால் தெரியும். முதல் தடவை பார்ப்பவருக்குப் பத்திரப்பதிவு அலுவலகத்து வில்லங்கச் சான்றிதழ் மாதிரி இருக்கும்: எந்த சர்வர் வாங்கியது, எதற்குக் கைமாற்றியது, எத்தனை மணிக்கு, யார் கையெழுத்து. மிரளாமல் கீழே வந்தால், குழு மடலாக இருக்கும் பட்சத்தில் ஒரு வரி கண்ணில் படும். மின்தமிழ் குழுமத்து மடலில் இருப்பதைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

லிஸ்ட்-ஐடி: <மின்தமிழ்.கூகுள்குரூப்ஸ்.காம்>

இதுதான் மின்னஞ்சலின் புக் போஸ்ட் முத்திரை.

இணையத்தின் நெறிமுறைகளை எழுதிவைக்கும் ஆர்எஃப்சி ஆவண வரிசையில், 2001 மார்ச்சில் வந்த 2919ஆம் எண் ஆவணம் இந்த வரியைக் கொடுத்தது. அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1998 ஜூலையில், 2369ஆம் எண் ஆவணம் வேறு ஆறு வரிகளை வகுத்திருந்தது. உதவிக்கு எங்கே எழுதுவது, எப்படிச் சேருவது, எப்படி விலகுவது, எங்கே மடல் போடுவது, பொறுப்பாளர் யார், பழைய மடல்கள் எங்கே கிடைக்கும் என்று ஆறும் முகவரிகள். வீட்டுக்கு வழியெல்லாம் சொல்லியாயிற்று, வாசலில் பெயர்ப்பலகை மட்டும் இல்லை. 2919 அதை மாட்டியது. குழு ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்ந்தாலும் இந்த அடையாளம் மாறக் கூடாது என்றும் அது சொல்கிறது. வாடகை வீடு மாறினால் இனிஷியல் மாறுமா என்ன?

மடற்குழுக்கள் இதற்கெல்லாம் ரொம்ப முந்தியவை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைப் பணத்தில் ஓடிய ஆர்ப்பாநெட்டில், மின்னஞ்சலைப் பற்றிப் பேசுவதற்கென்றே 1975ல் எம்எஸ்ஜிகுரூப் என்று ஒரு குழு இருந்தது. அந்தக் காலத்தில் சேர வேண்டுமென்றால் பொறுப்பாளருக்கு எழுத வேண்டும்; அவர் கையால் முகவரியைச் சேர்ப்பார். 1986ல் பாரிஸில் மாணவராக இருந்த எரிக் தாமஸ் அந்த வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்தார். அதுதான் லிஸ்ட்சர்வ். சேருவது சுலபமானதும் மடல் குவிய ஆரம்பித்தது. 1990ல் ஸ்டீபன் வான் டென் பெர்க் எழுதிய ப்ராக்மெயில் வந்தது, மடலை வாசலிலேயே நிறுத்திப் பிரிக்க. அதன் விதிகளை எழுதியவர்கள் யாரையாவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். ஒரு குறி இடம் மாறி ஒரு வாரத்து மடல் காணாமல்போன கதை எல்லோரிடமும் இருக்கும்.

தாங்கள் ஒரு குழுவில் இருப்பதே தெரியாதவர்களும் உண்டு. 1997ல் மைக்ரோசாஃப்டில், ஆயிரக்கணக்கான ஊழியர்கள் அடங்கிய 'பெட்லாம் டிஎல்3' என்ற பட்டியலுக்கு, 'நான் ஏன் இதில் இருக்கிறேன்? என்னை எடுத்துவிடுங்கள்' என்று ஒருவர் எழுதினார். அது மொத்தப் பட்டியலுக்கும் போனது. 'என்னையும்', 'என்னையும்' என்று அடுத்தடுத்துக் கிளம்ப, மெயில் சர்வர்கள் படுத்துவிட்டன. குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் 'ஹேப்பி பர்த்டே அங்கிள்' ஓடும் நாளில் எனக்கு இந்த 'என்னையும்' ஞாபகம் வரும்.

ஈற்றடியும் இன்பாக்ஸும்

தமிழ் இணையத்தின் பெரும் பகுதி வளர்ந்ததே மடற்குழுக்களில்தான். தமிழ்.நெட், அகத்தியர், மரத்தடி, ராயர் காபி கிளப், பிறகு மின்தமிழ்... இந்தப் பெயர்களைக் கேட்டால் ஐம்பதைத் தாண்டிய ஒரு தலைமுறைக்கு முகம் மலரும். திஸ்கி எழுத்துக் குறியீடு உருப்பெற்றது மடற்குழு விவாதங்களில். சுவிட்சர்லாந்தில் இருக்கும் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத ஆட்கள் மின்னஞ்சலிலேயே வேலையைப் பங்கிட்டுக்கொண்டு பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். இழை, மட்டுறுத்துனர், எரிதம் என்று சொற்களும் அங்கே புழங்கித்தான் பழகின. எரிதம் என்றால் ஸ்பேம். எனக்கு இன்றும் பிடித்த சொல்; எரிச்சலும் அதற்குள்ளேயே இருக்கிறது.

யாராவது ஓர் ஈற்றடி கொடுத்து வெண்பா இழையைத் தொடங்கிவிட்டால் ராத்திரிக்குள் எண்பது மடல். காலையில் அலுவலகத்தில் இன்பாக்ஸைத் திறந்தால், மேனேஜரின் மடலுக்கு மேலும் கீழும் 'மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது' என்று சண்டை. கனடா நண்பர் எனக்குப் பழக்கமானதே அப்படி ஒரு சண்டையில்தான். இழையைத் தவறவிடவும் மனசு வராது, வேலையும் ஓட வேண்டும். அதனால் பிரித்துத்தான் ஆக வேண்டும். எதை வைத்துப் பிரிப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்கினோம்.

அனுப்புநரை வைத்துப் பிரித்தால்? குழுவில் இருநூறு பேர்; நாளைக்கு இன்னொருவர் சேருவார். போதாததற்கு 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பெயரில் போலி மடல் போவதைத் தடுக்க டிமார்க் என்னும் ஏற்பாட்டை இறுக்கியது: யாஹூ முகவரியோடு வரும் மடலை யாஹூ அனுப்பியதாக உறுதியாகாவிட்டால் தள்ளிவிடு. மடற்குழு மென்பொருள் செய்வதோ, ஒருவர் மடலை வாங்கித் தலைப்பிலும் அடியிலும் கொஞ்சம் ஒட்டி, அவர் பெயரிலேயே எல்லோருக்கும் அனுப்புவது. திருடனுக்கு வைத்த கண்ணியில் ஊர்ச்சபை சிக்கியது. அதற்குப் பிறகு பல குழுக்களில் அனுப்புநர் இடத்தில் 'இன்னார், குழு வழியாக' என்று குழுவின் முகவரியே வர ஆரம்பித்தது. ஆளை நம்பி ஃபில்டர் கட்டியவர்கள் மறுபடி கட்டினார்கள்.

பெறுநர் முகவரியை வைத்துப் பிரித்தால் பெரும்பாலும் பிடிபடும். குழுவை யாராவது மறைநகலில் போட்டால் நழுவிவிடும். அடுத்தது, தலைப்பில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒட்டிவரும் குழுவின் பெயர். பல பேர் இன்றும் இதைத்தான் நம்புகிறார்கள். ஆனால் அந்தத் தலைப்போடு நண்பர் எனக்கு மட்டும் 'வீட்ல அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?' என்று பதில் போட்டால், அதுவும் குழு மூட்டைக்குள் போய்விடும்.

தமிழ்த் தலைப்பில் இன்னொரு கூத்து. மின்னஞ்சலின் தலைப்பு வரி ஆங்கில எழுத்துக்காக வடித்தது. வேறு எழுத்து வந்தால் அதை பேஸ்64 என்ற முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றி அனுப்புவது வழக்கம். யூனிகோடில் தமிழ் எழுத்துகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால், 'வெண்பா' என்று தொடங்கினாலும் 'வாழ்த்துகள்' என்று தொடங்கினாலும் 'கடன் வேண்டுமா' என்று தொடங்கினாலும், அப்படி மாற்றிய தலைப்பின் முதல் மூன்று எழுத்து 4, கே, 6 என்றே இருக்கும். கவிஞரும் கடன்காரரும் ஒரே வேஷத்தில் வந்து நிற்பார்கள். ஜிமெயில் போன்றவை அவிழ்த்துவிட்டுத் தேடும். மடலை அப்படியே படித்த பழைய கருவிகளிடம் 'வெண்பா'வைப் பிடி என்றால் அவை எங்கே போகும்?

லிஸ்ட்-ஐடியில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. குழு மடல் ஒன்றைத் திறந்து, அதே மூன்று புள்ளியில் 'இதுபோன்ற மடல்களை வடிகட்டு' என்பதை அழுத்தினால், ஜிமெயில் அந்த அடையாளத்தைத் தானே எடுத்து நிரப்பிக்கொள்ளும். இன்பாக்ஸைத் தவிர்க்கச் சொல்லி, ஒரு லேபிளை ஒட்டச் சொன்னால் முடிந்தது. அவுட்லுக் விதிகளில் ஹெடரில் உள்ள சொல்லைப் பார்க்கச் சொல்லலாம். தண்டர்பேர்டில் லிஸ்ட்-ஐடி என்ற ஹெடரை நாமே நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். போனில் உள்ள ஜிமெயில் ஆப்பில் ஃபில்டர் கட்ட முடியாது. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் சொல்லும்வரை, ஆப்பின் செட்டிங்ஸுக்குள் அரைமணி நேரம் துழாவிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சௌகரியம். குழுவில் நான் எழுதியதற்கு யாராவது 'எல்லோருக்கும்' பதில் போட்டால், குழு வழியாக ஒரு நகலும் நேரடியாக ஒரு நகலும் கிளம்பும். குழு வழி வருவதில்தான் முத்திரை. நேரே வருவதில் இல்லை. அது இன்பாக்ஸிலேயே நிற்கும். ஊர்ப்பேச்சு திண்ணையில், என்னைத் தேடி வந்தவர் கூடத்தில். (இரண்டு நகலுக்கும் ஒரே மடல் எண் என்று பார்த்து ஜிமெயில் ஒன்றை விழுங்கிவிடுவது தனிக்கதை. நாம் குழுவுக்குப் போட்ட மடல் நமக்கே திரும்பி வராததற்கும் அதுதான் காரணம். அது தெரியாமல், 'மட்டுறுத்துனர் என் மடலை அமுக்கிவிட்டார்' என்று எத்தனை சண்டை!)

கடை மடல்

இதுவரை சொன்னது நாமே விரும்பிச் சேர்ந்த குழுக்கள். இன்பாக்ஸை அடைப்பது பெரும்பாலும் அவை இல்லை. 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தர்க், புதுக் கம்ப்யூட்டர் மாடலைப் பார்க்க வாருங்கள் என்று ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிப் பட்டியல் அதற்கான இடத்தில் அடங்காமல் மடலுக்குள்ளேயே வழிந்தது. கடுமையான திட்டு கிடைத்தது, கம்ப்யூட்டரும் விற்றது. விற்றதுதான் நம் தலையெழுத்து.

விலகும் வழி 1998லேயே ஹெடரில் இருந்தும், இந்தக் கடை மடல்களிலிருந்து விலக ஏன் இத்தனை அலைச்சல்? பல அலுவலகங்களில் பாதுகாப்பு மென்பொருள், மடலை நமக்குக் கொடுக்கும் முன் அதிலுள்ள லிங்குகளைத் தானே திறந்து சோதிக்கும். விலகும் லிங்கையும் திறக்கும். நாம் கேட்காமலே நம் பெயரை அடித்துவிடும். அதற்காகத்தான் 'உறுதியாக விலகுகிறீர்களா?' என்று இன்னொரு பக்கம் வைத்தார்கள். நியாயமான காரணத்துக்காக வந்த அந்தப் பக்கத்தில்தான் கடைக்காரர்கள் கூடாரம் அடித்தார்கள். பாஸ்வேர்டு கேட்பார்கள், காரணம் கேட்பார்கள், பதினாறு கட்டத்தில் டிக்கை ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வார்கள், அழுகிற நாய்க்குட்டி படம் போடுவார்கள். சேரும்போது மட்டும் ஒரே டிக், அதுவும் அவர்களே போட்டுவைத்தது.

2017 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 8058 இதற்கு ஒரு வழி செய்தது. மென்பொருள் லிங்கை எட்டிப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. ஆள் பட்டனை அழுத்தினால் ஒரே அழுத்தில் விலகல். செய்தே ஆக வேண்டும் என்று சொல்ல ஆளில்லாததால் விருப்பப்பட்டவர்கள் செய்தார்கள். 2024ல்தான் கூகுளும் யாஹூவும் கையைப் பிடித்து முறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் விளம்பர மடலில் இந்த ஒற்றை அழுத்து விலகலை வைக்க வேண்டும், இரண்டு நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கூகுளின் விதி. அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே காட்டும் விலகல் பட்டன், விலகும் வழியைச் சொல்லும் ஹெடரிலிருந்து வருவது. மடலின் அடியில் உள்ள லிங்கைவிட அதுவே மேல். முன்பின் தெரியாத ஆசாமி அனுப்பியதாக இருந்தால் இரண்டையும் தொடாதீர்கள். அழுத்தினால் 'இந்த வீட்டில் ஆள் இருக்கிறது' என்று அவனுக்குச் சொன்னதாகும். அதற்குத்தான் ஸ்பேம் பட்டன்.

அந்தப் பட்டனைத் தெரிந்தவர்கள்மேல் பிரயோகிப்பது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். நாமே கேட்டுச் சேர்ந்த செய்திமடல் அலுத்துப்போனால் விலகலாம்; பல பேர் சோம்பலில் ஸ்பேம் என்று அழுத்திவிடுகிறார்கள். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்கிறது ஜிமெயில். ஆயிரத்துக்கு மூன்று. முந்நூறு பேருக்குப் போகும் ஓர் இலக்கியச் செய்திமடலில் ஒரே ஒருவர் அழுத்தினால் 0.33. புகார் கூடினால் மற்றவர்களுக்கும் மடல் ஸ்பேமில் விழத் தொடங்கும். ஒருவருடைய சோம்பலுக்கு மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் பலி.

எஸ்எம்எஸ்ஸில் நம் ஊரிலேயே இப்போது உறை முத்திரை வந்துவிட்டது. 2025ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் திருத்திய விதிகளின்படி, அனுப்புநர் பெயரின் வாலில் ஓர் எழுத்து: விளம்பரத்துக்கு பி, சேவைக்கு எஸ், பரிவர்த்தனைக்கு டி, அரசுக்கு ஜி. மின்னஞ்சலுக்கு இங்கே அப்படித் தனி விதி இல்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்கிறது. அழுகிற நாய்க்குட்டியிடம் யாராவது சொன்னால் தேவலை.

முத்திரையே இல்லாமல் வருவதை என்ன செய்வது? எனக்கு அப்படி வருவது ஒரு புள்ளியால். ஜிமெயில் முகவரியில் புள்ளிக்கு மதிப்பில்லை, எஸ்.முருகன் என்றாலும் எஸ்முருகன் என்றாலும் பெட்டி ஒன்றுதான். இனிஷியலோடு பெயர் வைத்துக்கொள்ளும் நம் ஊரில், புள்ளி வைத்தால் வேறு முகவரி என்று நம்பி எங்கெங்கோ எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். என் பெயரும் இனிஷியலும் கொண்ட ஒருவர் கோயம்புத்தூரில் இருக்கிறார். அவருடைய கார் எப்போது சர்வீஸுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் மகள் எல்கேஜியிலிருந்து நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். சுற்றறிக்கை எல்லாம் எனக்குத்தான். விலகப் பார்த்தால் லிஸ்ட்-ஐடியும் இல்லை, விலகும் வரியும் இல்லை. பள்ளி அலுவலகத்தில் யாரோ எல்லாப் பெற்றோரையும் மறைநகலில் போட்டு அனுப்புகிறார். ஆள் தப்பு என்று இரண்டு முறை எழுதினேன். மூன்றாம் நாள், பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துக்கு அவசியம் வரும்படி அழைப்பு வந்தது. அந்த ஒன்றுக்கு மட்டும் அனுப்புநரை வைத்து ஃபில்டர். ஆனாலும் பரீட்சை முடிந்ததும் ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன், குழந்தை பாஸாகிவிட்டதா என்று.

நண்பருக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "ஒரு வார்த்தைக்காகவா என்னைத் தள்ளி வச்சீங்க? தளை தட்டினப்பகூட இவ்வளவு கோபப்படலையே!" என்று சிரித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க உட்கார்ந்து அந்த ஃபில்டரை அழித்தேன், குழுவுக்கு ஒன்று, செய்திமடலுக்கு ஒன்று என்று லிஸ்ட்-ஐடி பார்த்து இருபத்து மூன்று கட்டினேன், ஒன்பதிலிருந்து விலகினேன்.

விலகாமல் வைத்திருப்பதில் ஒன்று, தமிழ்க் கணிமைக்காக நண்பர்கள் நடத்திய மடற்குழு. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15ல் கடையை மூடியபோது அதை நம்பியிருந்த குழுக்கள் போயின. இது மெயில்மேன் என்னும் மென்பொருளில், யாரோ ஒருவருடைய சர்வரில் ஓடுவதால் பிழைத்துக் கிடக்கிறது. கடைசியாக அதில் ஒருவர் எழுதி எட்டு வருஷம் இருக்கும். ஏதோ எழுத்துருவைப் பற்றிக் கேட்டிருந்தார், யாரும் பதில் சொல்லவில்லை. பழைய மெயில்மேனுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதி, 'நீங்கள் இந்தக் குழுவில் உறுப்பினர், உங்கள் பாஸ்வேர்டு இது' என்று ஒரு நினைவூட்டல் அனுப்பும். பாஸ்வேர்டை ஒளிக்காமல் மறைக்காமல் அப்படியே எழுதியிருக்கும். பாதுகாப்பு நிபுணர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

இந்த மாதமும் வந்தது. 2003ல் நான் வைத்த பாஸ்வேர்டு, அப்போது குடியிருந்த தெருவின் பெயர்.